மாலை கழற்றிய மறுநாள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

கார்த்திகை முதல் நாள் விடியுமுன் தாமிரபரணிப் படித்துறை ஒன்றில் நின்று பார்த்தவர்களுக்கு இக்கட்டுரையின் பொருள் எளிதில் விளங்கும். குறுக்குத்துறையிலும் சேரன்மாதேவியிலும் அம்பாசமுத்திரத்திலும் குளிர்ந்த நீரில் மூழ்கி எழுந்து, கறுப்பு வேட்டி உடுத்தி, குருசாமியின் கையால் துளசிமணி மாலை அணிந்துகொள்ளும் கூட்டத்தை அங்கே காணலாம். அக்கூட்டத்தில் முந்தின நாள் இரவு வரை குடித்தவர்களும் உண்டு. "இவனாவது, குடியை விடுவதாவது" என்று வீட்டாரே கைவிட்டவர்களும் உண்டு. ஆயினும் அன்று முதல் 41 நாட்கள் அவர்கள் மதுவைத் தொடுவதில்லை. கடை திறந்துதான் இருக்கிறது. கையில் காசும் இருக்கிறது. கால் மட்டும் அந்தப் பக்கம் போவதில்லை.

மலைக்குப் போய்த் திரும்புகிறார்கள். மாலையைக் கழற்றுகிறார்கள். மறுநாள் பொழுது சாய்ந்ததும், அவர்களில் எத்தனையோ பேர் பழைய கடை வாசலில் நிற்கிறார்கள்.

நாற்பத்தொரு நாள் முடிந்தவருக்கு நாற்பத்திரண்டாம் நாள் ஏன் முடியவில்லை? இக்கேள்வியை நான் நூலகத்தில் கண்டெடுக்கவில்லை; என் வீட்டுத் திண்ணையில் கண்டெடுத்தேன்.

திண்ணையில் கிடந்த கேள்வி

என் தந்தை கொத்தனார். என் தாய் பீடி சுற்றுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் பேருந்துக் கட்டணமும் புத்தகச் செலவும் தாய் சுற்றிய பீடிக் கட்டுகளிலிருந்தே வந்தன. தந்தையின் கூலி எங்கே போயிற்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த ஆண்டு, தந்தையும் நானும் சேர்ந்தே மாலை போட்டோம். அந்த நாற்பத்தொரு நாளும் எங்கள் வீடு வேறொரு வீடாக இருந்தது. விடியற்காலையில் தந்தை என்னை எழுப்பி ஆற்றுக்கு அழைத்துப் போவார். இரவில் பஜனை முடிந்து இருவரும் ஒரே பாயில் படுப்போம். தாய் சிரித்துப் பேசினார். மலைக்குப் போய்வந்து மாலை கழற்றிய மூன்றாம் நாள் சனிக்கிழமை. கூலி கொடுக்கும் நாள். உடன் வேலை செய்யும் ஒருவர், "என்ன அண்ணாச்சி, மாலையத்தான் கழத்தியாச்சே, இன்னுமா சாமி? ஒரு கட்டிங் போட்டா என்ன, குறைஞ்சா போயிருவீரு?" என்று கேட்டாராம்.

இரவு பத்தரை மணிக்குத் தந்தை வந்தார். வாசலில் நின்று நான் சொன்ன சொல் இது: "நீங்க போட்டது மாலை இல்லப்பா, வேஷம்."

அவர் பதில் பேசவில்லை. திண்ணையிலேயே படுத்துக்கொண்டார். அதன்பின் ஆறு மாதம் அவர் குடிக்காத நாள் இல்லை. அந்த ஆறு மாதத்துக்கு அன்று குடித்த அந்த ஒரு கட்டிங் காரணமா, நான் சொன்ன அந்த ஒரு சொல் காரணமா என்று பலமுறை எண்ணியிருக்கிறேன். விடை தேடிப் படித்தேன், மருத்துவரிடமும் கேட்டேன். அதன் பயனே இக்கட்டுரை. குடியை விடுவது ஒரு நாளில் எடுக்கும் சபதம். விட்டபடியே இருப்பது நாள்தோறும் பழகும் தொழில். சபதத்துக்குக் காட்டும் மரியாதையில் பாதியைக்கூட அந்தத் தொழிலுக்கு நாம் காட்டுவதில்லை என்பதே என் கருத்து.

மாலை என்ன செய்கிறது?

பக்தியின் வலிமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் விலங்கியல் மாணவன் என்ற முறையில், மாலை போட்டவரின் ஒரு நாளை உற்றுப் பார்க்கிறேன். அவருடைய உடை மாறுகிறது. பெயர் மாறுகிறது, எல்லோரும் அவரைச் "சாமி" என்கிறார்கள். எழும் நேரமும் உண்ணும் உணவும் மாறுகின்றன. பொழுது சாயும் வேளையில், அதாவது வழக்கமாகக் குடிக்கும் வேளையில், அவர் குளித்துவிட்டுப் பஜனையில் இருக்கிறார். பழைய கூட்டாளிகளுக்குப் பதில் பிற சாமிமார் உடன் இருக்கிறார்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, ஊரில் எந்தக் குடிகாரனும் மாலை போட்டவரைக் குடிக்க அழைப்பதில்லை. அழைத்தால் ஊர் அவனைத்தான் ஏசும்.

உருசிய அறிஞர் பாவ்லோவின் நாய்களை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். உணவோடு சேர்த்துச் சேர்த்துக் கேட்ட ஒலி, பின்னர் உணவில்லாமலே நாயின் வாயில் நீர் ஊறச் செய்தது. குடிப்பவரின் மூளையும் அவ்வாறே பழகிக்கொள்கிறது. சனிக்கிழமை, கையில் கூலி, தெருமுனை, பொரித்த மீன் வாசனை, குறிப்பிட்ட நண்பரின் குரல் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு மணியோசை. மாலை இந்த மணிகளை நாற்பத்தொரு நாள் கட்டிப்போடுகிறது. கழற்றியவுடன் எல்லா மணிகளும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. அப்போது என்ன செய்வது என்று அவருக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதற்கு வெளியுலகிலும் சான்று உண்டு. வியட்நாம் போரில் இருந்து 1971ஆம் ஆண்டு நாடு திரும்பிய அமெரிக்க வீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகி இருந்தனர். ஆனால் ஊர் திரும்பிய முதல் ஆண்டில், அவர்களுள் மீண்டும் அடிமையானோர் ஏறத்தாழ 5 சதவீதமே. போதையோடு பின்னிக் கிடந்த காடும் அச்சமும் கூட்டாளிகளும் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டதே இதற்கு ஒரு பெருங்காரணம் என்று கருதப்படுகிறது. நம் கொத்தனாரின் நிலையோ நேர் எதிர். அவர் நாற்பத்தொரு நாள் மட்டும் வேற்றுலகில் வாழ்ந்துவிட்டுப் பழைய போர்க்களத்துக்கே திரும்பி வருகிறார்.

சறுக்கலும் வீழ்ச்சியும்

மீண்டும் குடிக்கத் தொடங்குவதைப் பற்றி ஆழ ஆராய்ந்தவர்களுள் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து உளவியல் அறிஞர் ஆலன் மார்லட் குறிப்பிடத்தக்கவர். ஜூடித் கார்டனுடன் சேர்ந்து 1985ஆம் ஆண்டு இதற்கெனவே ஒரு நூலை வெளியிட்டார். மது, புகை, ஹெராயின், சூதாட்டம் எனப் பல பழக்கங்களை விட்டவர்கள் திரும்ப விழுந்த நேரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மூன்றே வகைக்குள் அடங்கின. ஒன்று, கவலை, கோபம், சலிப்பு போன்ற மனத்துயர். இரண்டு, வீட்டாரோடோ பிறரோடோ சச்சரவு. மூன்று, "ஒரு வாய் குடி" என்ற பிறரின் வற்புறுத்தல். ஆக, ஆபத்து எங்கிருந்து வரும் என்பதை ஓரளவு முன்னறிய முடியும். முன்னறிய முடிந்ததற்கு முன்னேற்பாடும் செய்ய முடியும்.

மார்லட் சொன்ன மற்றொன்று என்னை உலுக்கியது. குடியை விட்டவர் என்றோ ஒரு நாள் ஒரு வாய் குடித்துவிடுவது சறுக்கல். அந்தச் சறுக்கலை முழு வீழ்ச்சியாக்குவது பெரும்பாலும் அதன் பின் எழும் எண்ணம்: "எல்லாம் போச்சு. நான் இவ்வளவுதான். இனி ஒரு வாய் குடித்தால் என்ன, ஒரு பாட்டில் குடித்தால் என்ன?" வெட்கமும் குற்றவுணர்வும் தாங்காமல், அவற்றை மறக்க மனிதன் மீண்டும் குடிக்கிறான். அன்றிரவு என் தந்தைக்கு அந்த எண்ணத்தை வாசலிலேயே எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

சர்க்கரை நோய் உள்ள ஒருவர் கல்யாண வீட்டில் அல்வா தின்றுவிட்டால், "இத்தனை நாள் மாத்திரை தின்றது வேஷம்" என்று நாம் சொல்வதில்லை. மறுநாள் அளவைச் சோதித்து, மருத்துவரிடம் அழைத்துப் போகிறோம். அடிமைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் மீண்டும் பழக்கத்துக்குத் திரும்புவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா போன்ற நெடுநாள் நோய்களில் சிகிச்சையைக் கைவிட்டு மீண்டும் துன்புறுவோரின் அளவும் ஏறத்தாழ இதுவே. அந்நோயாளிகளை நாம் ஒழுக்கங்கெட்டவர்கள் என்பதில்லை.

குடியிலிருந்து மீள்வோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் "ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்" இயக்கத்தின் தோற்றம் இங்கே நினைக்கத் தக்கது. 1935ஆம் ஆண்டு மே மாதம், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பில் வில்சன் என்ற அமெரிக்கர் தொழில் நிமித்தமாக ஆக்ரன் நகருக்குச் சென்றார். தொழில் தோல்வியில் முடிந்தது. தங்கிய விடுதியின் மதுக்கூடத்திலிருந்து சிரிப்பொலி கேட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பாமல் தொலைபேசியை எடுத்து, தம்மைப் போல் துன்புறும் இன்னொருவரைத் தேடினார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். அவரும் குடியை விட்டார்; ஆனால் சில வாரங்களில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் சறுக்கினார். பில் அவரைக் கைவிடவில்லை. டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாளான 1935 ஜூன் 10ஆம் தேதியையே அவ்வியக்கத்தார் தங்கள் பிறந்த நாளாகக் கொண்டாடுகின்றனர். ஒரு சறுக்கலுக்குப் பின்னே உலக இயக்கமே எழுந்தது. 1957 முதல் அது இந்தியாவிலும் இயங்கி வருகிறது.

எங்கள் வீட்டில் பழகிய தொழில்

அந்த ஆறு மாதத்துக்குப் பின் தந்தையை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். அங்கே முதலில் அறிந்தது ஒரு முக்கியமான எச்சரிக்கை. நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் சில நாட்களில் கைநடுக்கம், வலிப்பு, இல்லாதது தெரிவது போன்ற மனக்குழப்பம் ஆகியவை வரலாம். உயிருக்கே ஆபத்தும் நேரலாம். எனவே மாலை போடுவதாயினும், சபதம் எடுப்பதாயினும், அத்தகையவர் மருத்துவரைப் பார்த்துவிட்டே நிறுத்த வேண்டும். குடி வேட்கையைக் குறைக்கும் மருந்துகளும் உண்டு. அவற்றையும் மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். வீட்டார் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கும் பொடிகள் இதற்கு மருந்தாகா.

வீட்டுக்கு வந்தபின் நாங்களே சில ஏற்பாடுகள் செய்துகொண்டோம். சனிக்கிழமைக் கூலியை மேஸ்திரி தாயின் வங்கிக் கணக்கில் போட்டுவிடுவார். தந்தை கடைத்தெரு வழியை விட்டு வாய்க்கால் கரை வழியாகச் சுற்றி வருவார். கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும், அவ்வளவே. வேலை முடிந்ததும் பசியோடு வரக்கூடாது என்று தாய் தூக்குச் சட்டியில் சுண்டலோ அவித்த கிழங்கோ கொடுத்தனுப்புவார். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் சேரும் வேளைதான் மிக ஆபத்தான வேளை என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

வற்புறுத்துவோருக்குச் சொல்ல ஒரு வரி பழகினார்: "ஈரல் கெட்டுட்டு வே, டாக்டர் தொடக்கூடாதுன்னுட்டாரு." ஈரல் கெடவில்லை. ஆனால் நம் ஊரில் "எனக்கு வேண்டாம்" என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. "டாக்டர் சொன்னார்" என்பதற்கு மதிப்பு உண்டு. இந்த வரியை வீட்டில் என்னை எதிரே நிறுத்தி நாலைந்து முறை சொல்லிப் பார்த்தார். முதலில் சிரிப்பாக இருந்தது. பின்னர் அது நாடக ஒத்திகை போலவே பயன்பட்டது.

வேட்கை எழும்போது என்ன செய்வது? அது ஆற்று வெள்ளம் போன்றது. ஏறும், உச்சிக்கு வரும், வடியும். ஏறும்போது, இது ஏறிக்கொண்டே போகும் என்றுதான் தோன்றும். ஆனால் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தணிந்துவிடுகிறது. வெள்ளத்தை எதிர்த்து நீந்துகிறவனை அது அடித்துக்கொண்டு போகும். மேட்டில் ஏறி நிற்கிறவன் அது வடிவதைப் பார்ப்பான். தந்தைக்கு மேடு எது தெரியுமா? எங்கள் தெருக்கோடியில் உள்ள கைப்பம்பு. அங்கே நின்று நாலு குடம் தண்ணீர் அடிப்பார். தணியவில்லையானால் என்னைக் கைப்பேசியில் அழைப்பார். "என்னலே படிக்க?" என்றுதான் கேட்பார். நான் புரிந்துகொண்டு பேச்சை நீட்டுவேன்.

இவ்வளவு செய்தும் ஒரு சறுக்கல் நேர்ந்தது. சித்திரையில் எங்கள் ஊர்க் கோயில் கொடை. சாமக் கொடை முடிந்த பிறகு, பழைய கூட்டாளிகளோடு உட்கார்ந்தவர் குடித்துவிட்டார். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. காலையில் தாய் காப்பி கொடுத்து, ஏசாமல் மூன்று கேள்வி கேட்டார்: "எங்க வச்சு? யாரு கூட? அப்போ மனசுல என்ன நெனப்பு?" அன்றே மருத்துவமனைக்குப் போனோம். முன்பு ஆறு மாதம் நீண்டது, இம்முறை ஓர் இரவோடு நின்றது. அன்று முதல் இன்று வரை பதினோரு மாதங்கள் ஆகின்றன. வரும் கொடைக்கு வரிப்பணத்தைக் கொடுத்து, பகலில் பொங்கலிட்டுக் கும்பிட்டுவிட்டு, பொழுது சாயுமுன் அத்தை ஊருக்குப் போய்விடுவதென்று இப்போதே முடிவு செய்துள்ளோம். சாமி கோபித்துக்கொள்ளாது என்றே நம்புகிறோம்.

இரண்டு மறுப்புகள்

"மன உறுதி இருந்தால் போதும், இவ்வளவு ஏற்பாடு எதற்கு?" என்பார் சிலர். நாற்பத்தொரு நாள் வெறுங்காலோடு நடந்தவருக்கா மன உறுதி இல்லை? மன உறுதி இருந்தது. அதைத் தாங்கிப் பிடிக்கும் வழிமுறைதான் இல்லாமல் போயிற்று.

"கடைகளை மூடினால் எல்லாம் சரியாகும்" என்பார் வேறு சிலர். 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியதும், 1948இல் அது மாகாணம் முழுவதும் பரவியதும், 1971இல் விலக்கிக்கொள்ளப்பட்டதும், 2003 முதல் டாஸ்மாக் நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்தத் தொடங்கியதும் நாம் அறிந்த வரலாறு. 2023 ஜூன் மாதம் 500 கடைகள் மூடப்பட்டதை நான் வரவேற்றேன். மணியோசை குறைவது எவருக்கும் நல்லதே. ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததையும் கண்டோம். கடையைப் பற்றிய வழக்கு சட்டமன்றத்தில் நடக்கட்டும். அது தீரும்வரை, இன்று மாலை கூலியோடு வீடு திரும்ப வேண்டிய மனிதருக்கு இன்றே உதவி வேண்டும்.

அந்த உதவி எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? நடுவண் அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2019இல் வெளியான ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான இந்தியர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையோ உதவியோ பெற்றதாகக் கூறியுள்ளனர். மற்ற 37 பேருக்கும் கிடைத்தது ஏச்சும் சபதமும்தான் போலும்.

வழி இல்லாமல் இல்லை. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், 1980இல் சென்னையில் கணவர் பெயரால் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அங்கே குடிப்பவருக்கு மட்டுமன்றி அவர் குடும்பத்தாருக்கும் பயிற்சி தரப்படுகிறது. மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களுக்கே முகாமைக் கொண்டு சென்று, ஊராரையும் துணைக்கு வைத்துக்கொண்டு அவர்கள் பணியாற்றியிருக்கிறார்கள். அவ்வம்மையாருக்கு 1992இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நோய் ஒருவருக்கு, சிகிச்சை வீட்டுக்கும் ஊருக்கும் என்பதே அப்பணியிலிருந்து நான் கற்ற பாடம்.

நாம் செய்யக் கூடியவை

மாணவ நண்பர்களே! பேராசிரியப் பெருமக்களே! வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதைப் பேச்சுப் போட்டிகளில் முழங்கிப் பரிசும் பெறுகிறோம். அதே நாள் மாலை, தேர்வில் வென்ற நண்பனிடம் "ட்ரீட்" கேட்டு, குடிக்காதவனைக் கேலி செய்கிறோம். "வேண்டாம்" என்று ஒருவன் சொன்னால், காரணம் கேட்காமல் விட்டுவிடும் நாகரிகத்தை முதலில் நாம் கற்க வேண்டும். ஒருவருடைய பதினோரு மாத உழைப்பு அந்தச் சொல்லில் இருக்கக்கூடும்.

நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் மது ஒழிப்புப் பேரணி நடத்துகிறார்கள், நன்று. அதனோடு, சுற்று வட்டாரக் குருசாமிமாரைச் சந்தித்து ஒன்றைக் கேட்கலாம். மாலை கழற்றிய பின்னும் வாரம் ஒருமுறை அதே குழு கூடட்டும். பழைய சாமிமார் ஒருவரையொருவர் நலம் விசாரிக்கட்டும். இதற்குப் பணம் வேண்டாம், கட்டடம் வேண்டாம். கூடும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதை நீட்டினால் போதும். குடிநோய் மீட்புக்கான தேசிய உதவி எண் 14446 என்பதை அங்கே ஒரு தாளில் எழுதி ஒட்டலாம்.

இந்த ஆண்டும் தந்தை மாலை போட்டார். கழற்றும் நாளை நாட்காட்டியில் தாய் வட்டமிட்டார். நான் எழுதுகோலை வாங்கி, அதற்கு அடுத்த நாளையும், அதையடுத்து வந்த சனிக்கிழமையையும் வட்டமிட்டேன். அந்தச் சனிக்கிழமை நான் வகுப்பு முடிந்து நேரே வேலைத்தலத்துக்குப் போய்க் காத்திருந்தேன். இருவரும் வாய்க்கால் கரை வழியாகவே நடந்து வந்தோம். வழியில் தந்தை அதிகம் பேசவில்லை. வாசலுக்கு வந்ததும் திண்ணையைத் தாண்டி உள்ளே போய், "சோறு போடு" என்றார்.